டீச்சர் கட்சி மாறிய பிறகு போன சாவு வீடு

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தான். கிழக்குப் பாலக்காட்டில் ஒரு பஞ்சாயத்து பிரசிடென்டிடம் புதிதாக பி.ஏ.வாகச் சேர்ந்திருக்கிறான். காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் கேட்டுவிட்டான்: "சார், நம்ம தலைவர் திடீர்னு கட்சி மாறிட்டா நாம என்ன செய்யணும்?"

"மொதல்ல வாட்ஸாப்ல உன் படத்த மாத்தாம இரு" என்றேன்.

சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேற்கொண்டு பேசுவதற்குள் அவன் ஃபோன் அடித்தது. "சார் கூப்பிடறாருங்க" என்று பாதிக் காபியோடு எழுந்து ஓடினான். பி.ஏ. பிழைப்பு அதுதான். அவனுக்குச் சொல்ல இருந்ததை, அவனைப் போல ஒரு தலைவருக்குப் பின்னால் பையையும் ஃபோனையும் தூக்கிக்கொண்டு நடக்க வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். மனு எழுதுவது, தாலுகா ஆபீசில் யாரைப் பார்ப்பது, எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு தாமதமாகப் போவது, இதெல்லாம் ஒரு மழைக்காலம் தாண்டினால் தானாக வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஒருவருக்குத்தான் வேலை செய்தேன். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தார். வார்டு மெம்பர், பிறகு பஞ்சாயத்து பிரசிடென்ட், பிறகு பிளாக் பஞ்சாயத்து பிரசிடென்ட். எந்தக் கட்சி, எந்தக் கொடி என்று கேட்காதீர்கள். பழைய கட்சி, புதிய கட்சி என்று மட்டும்தான் சொல்வேன். நிறத்தைச் சொன்னால் நடந்ததை விட்டுவிட்டு இவன் எந்தப் பக்கம் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

டீச்சரை அரசியலுக்கு இழுத்து வந்தவர் பழைய கட்சியின் உள்ளூர்ச் செயலாளர். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் அண்ணன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருந்த விவசாயி. எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. நிற்க வைப்பதுதான் அவர் வேலை. டீச்சரின் முதல் தேர்தலில் தன் பழைய ஜீப்பில் உட்கார வைத்து வீடு வீடாகக் கூட்டிப் போனார். எனக்கும் அப்போதுதான் பழக்கம். என் அப்பா மூணாறில் தேயிலை ஃபாக்டரியில் இருந்தவர், நான் பேசுவது எஸ்டேட் தமிழ். அண்ணனுக்கு அது ஒரே வேடிக்கை. கடைசிவரை என்னை மூணாறு என்றுதான் கூப்பிட்டார்.

"மூணாறு, அம்மிணிகிட்டச் சொல்லிப்போடு. ஓட்டுக் கேக்கப் போற ஊட்டுல ஒரு சொம்புத் தண்ணியாச்சும் வாங்கிக் குடிக்காம வரக்கூடாது. தண்ணி குடுத்தாங்கன்னா, ஓட்டு நமக்கில்லீன்னாலும் பகையில்லீன்னு அர்த்தம்."

டீச்சர் அவருக்கு வீட்டில் அம்மிணி. மேடையில் ஏறிவிட்டால் "மதிப்பிற்குரிய நமது டீச்சர் அவர்கள்". வீட்டில் பேசும் அண்ணனும் மேடையில் பேசும் அண்ணனும் வேறு வேறு ஆட்கள். தோப்பில் எதிர்க்கட்சிக்காரனோடு ஒரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு, சாயந்திரம் மேடையில் அவனைக் கிழி கிழி என்று கிழிப்பார். அவனும் மறுநாள் பதிலுக்குக் கிழிப்பான். அதற்கடுத்த நாள் மறுபடியும் இளநீர். மூணாறிலிருந்து வந்த எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

இனி டீச்சர் கட்சி மாறிய கதைக்கு வருகிறேன். ஏன் மாறினார்? பேப்பரில் கொள்கை என்று வந்தது. எதிராளிகள் பதவி ஆசை என்றார்கள். கூடவே இருந்தவன் சொல்கிறேன், இரண்டும் பாதிப் பாதி உண்மை. எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிகளில் வாத்தியார் இடங்கள் காலியாகக் கிடந்தன. டீச்சர் கட்சியில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சட்டசபைத் தேர்தல் வந்தது. சீட்டு டீச்சருக்கு என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, கட்சி அதை வேறொருவருக்குக் கொடுத்தது. பிளாக் பதவிக்காலமும் முடிந்திருந்தது. புதிய கட்சிக்காரர்கள் வந்து, பள்ளிக்கூட விஷயமும் பார்ப்போம், சீட்டும் தருவோம் என்றார்கள். டீச்சர் ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு சரி என்றார்.

சரி என்ற மறுநாளே எங்கள் இருவரையும் காரில் ஏற்றி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்குக் கொண்டுபோனார்கள். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு விடுதி. அறிவிப்பு வரும்வரை பழைய கட்சிக்காரர்கள் யாரும் வந்து டீச்சர் மனசைக் கலைத்துவிடக் கூடாதாம். என் சொந்த ஊருக்கே என்னை ஒளித்து வைக்கக் கூட்டிப் போகிறார்கள், கேளுங்கள் கூத்தை! போதாததற்கு, ஃபோனில் ரேஞ்சே எடுக்காத இடத்தில் ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த விடுதியில் டீச்சர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "ஒருத்தருகிட்ட மட்டும் நானே சொல்லிப்போடறனுங்க. அவரு ஆருகிட்டயும் சொல்ல மாட்டாருங்க."

புதிய கட்சியின் பிளாக் தலைவர், சித்தூர் பக்கத்து மலையாளி, நல்ல மனுஷன்தான், பதறிப்போனார். "டீச்சரே, வேண்டா. ஒராளிடம் சொன்னால் நாட்டுக்கே சொன்ன மாதிரி. பிரஸ் மீட் கழியட்டும். அப்புறம் டீச்சர் நேரில் போய்ச் சொல்லலாம்."

டீச்சர் ஒத்துக்கொண்டார். அறிவிப்பு பாலக்காட்டில் நடந்தது. சால்வை போட்டார்கள், கையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அண்ணன் அதை ஒரு டீக்கடை டிவியில் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள். ஒருவன், "ஏனுங்கண்ணா, உங்களுக்குத் தெரியுமுங்களா இது?" என்று கேட்டிருக்கிறான். "தெரியாம என்ன? எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு, வாங்கிய டீயைக் குடிக்காமல் இறங்கிப் போனாராம். டீக்கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தலைவர் கட்சி மாறுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்தச் செய்தி யார் காதில் முதலில் விழவேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. பத்திரிகைக்காரர் அந்த வரிசையில் கடைசி. இதைத் தலைவருக்கு ஞாபகப்படுத்துவதும் உங்கள் வேலைதான். எந்த ரிசார்ட்டில் பூட்டினாலும் ஞாபகப்படுத்துங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலைந்து நாளில் பழைய கட்சி கொழிஞ்சாம்பாறையில் விளக்கக் கூட்டம் போட்டது. கட்சி மாறியவரைத் திட்டுவதற்கென்றே போடும் கூட்டம், உங்களுக்குத் தெரியும். அண்ணன் பேசினார். கர்ஜித்தார் என்று சொல்லவேண்டும்.

"இன்னையிலிருந்து அந்தம்மா என்ற ஊட்டு வாசல மிதிக்கக் கூடாது! நான் செத்தாலும் வரக்கூடாது! என்ற மொகத்துல முழிக்கக் கூடாது!"

கைத்தட்டல் அடங்கவே நேரமாயிற்று. ராத்திரிக்குள் வீடியோ எல்லா ஃபோனிலும் வந்துவிட்டது. டீச்சர் அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, "நாளைக்குக் காலையில அண்ணன் ஊட்டுக்குப் போலாம்னு இருந்தனே தம்பி, அது வேண்டாம். அண்ணன் சொன்னாச் சொன்னதுதான்" என்றார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

பிரசாரம் ஆரம்பித்தது. ஜீப்பின் மேல் டீச்சர் கும்பிட்டபடி நிற்க, மைக்கில் பாட்டும் பேச்சுமாக ஊர் ஊராகப் போனோம். அண்ணன் வீடு இருக்கும் ரோட்டிலும் போகவேண்டியிருந்தது. அந்தத் தோப்பு ஆரம்பிக்கும் இடம் வந்ததும் டீச்சர் குனிந்து டிரைவரிடம், "மைக்க நிறுத்துங்க" என்பார். தோப்பு முடியும்வரை சத்தமில்லாமல் போவோம். மரியாதைக்குத்தான். அவர் வீட்டு வாசலில் அவர் கட்சிக்கு எதிராகக் கத்தக் கூடாது என்று. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு தடவையும் இதுதான்.

ஓட்டுப் பதிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு காலை, நாங்கள் வேலந்தாவளத்தில் இருக்கையில் எனக்கு ஃபோன் வந்தது. அண்ணன் தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. டீச்சர் அப்போது ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். நான் மேடையேறிக் காதில் சொன்னேன். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். ஒயர் இழுத்து ஸ்டாண்டு விழுந்தது. "அண்ணன் போயிட்டாரா? தம்பி, அண்ணனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தேர்தல் ஆபீசில் ஒரு பெரிய ரகளை. ஒரு கூட்டம் சொன்னது: போகவே வேண்டாம், வாசலில் அவமானப்படுத்துவார்கள், அந்த வீடியோ ஒன்று போதும், ஆட்டம் காலி. இன்னொரு கூட்டம் சொன்னது: போகணும், சும்மா போகக் கூடாது, வண்டி வண்டியாகப் போகணும், டிவிக்காரனுக்குச் சொல்லிவிடணும், அனுதாபம் நமக்கு வரும். இரண்டாவது கூட்டத்தில் ஒரு புண்ணியவான் அதற்குள் பெரிய ரீத்து ஒன்றுக்கு, அதாவது மலர்வளையத்துக்கு, சொல்லி வாங்கியும் வந்துவிட்டான். கேரளத்து வழக்கப்படி குறுக்கே பட்டு ரிப்பன், அதில் புதிய கட்சியின் பெயரும் டீச்சர் பெயரும் கொட்டை எழுத்தில். பழைய கட்சியின் செயலாளர் நெஞ்சின் மேல் புதிய கட்சியின் பெயர்! எனக்கு வந்த கோபத்தில் அவனை ஏதாவது செய்திருப்பேன்.

டீச்சர் யார் பேச்சையும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "போவோம் டீச்சர். ஒரு வண்டி போதும். ஷால் வேண்டாம், பேட்ஜ் வேண்டாம். ரீத்து இங்கயே கெடக்கட்டும். போற வழியில ஒரு ரோஜா மாலை வாங்கிக்குவோம். உள்ள விட்டாப் போவோம், விடலேன்னா திரும்பிருவோம்."

பிளாக் தலைவர் மட்டும் தானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டார். வேட்பாளரைத் தனியாக விட அவருக்கு பயம்.

அண்ணன் வீட்டுக் கேட்டில் பழைய கட்சிப் பையன்கள் நின்றிருந்தார்கள். பையன்கள் என்றா சொன்னேன், எல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். முன்னால் நின்றவன் செந்தில், கட்சியின் இளைஞர் அணிச் செயலாளர். மூணாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவன். எங்கள் காரைப் பார்த்ததும் கையை விரித்துக் கேட்டை மறித்தான். பின்னால் நின்றவர்கள் ஃபோனைத் தூக்கினார்கள்.

"டீச்சர், அண்ணன் என்ன சொன்னாருன்னு தெரியுமுங்களா?"

"தெரியும்டா செந்திலு."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"அவரு வரச்சொல்லுலே. நானா வந்தேன். உள்ள வுடறதும் வுடாததும் அக்கா சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். எனக்கு வாய் துறுதுறுத்தது. இந்தப் பயலுக்கு வேலை வாங்கித் தர டீச்சர் எத்தனை ஆபீஸ் படி ஏறினார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவன் அங்கேயே சுருங்கிப் போயிருப்பான், நாங்களும் உள்ளே போயிருக்க மாட்டோம். தம்பிகளா, உங்கள் தலைவர் வாய் மூடி நிற்கும்போது நீங்கள் அவருக்காகப் பேசாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குடையைப் பிடியுங்கள். குடையையும் அன்று டீச்சர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள், வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணனின் மனைவி சரசக்கா.

"ஆரது வெயில்ல நிக்கறது? அம்மிணியா? டேய் செந்திலு, கேட்டத் தொறடா! சாவூட்டுக்கு வந்தவங்கள நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்கா உங்கள அங்க நிக்க வெச்சுது?"

செந்தில் ஒதுங்கினான். டீச்சர் உள்ளே போய் மாலையைப் போட்டுவிட்டு, அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சரசக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் சரசக்கா கேட்டார்.

"இத்தன நாளு ஏன் கண்ணு வருலே?"

"அக்கா, அண்ணன் மேடையில வரக்கூடாதுன்னு..."

"மேடையில பேசறத நெசம்னு எடுத்துக்குவீங்களா? நீங்களும் மேடையில பேசறவங்கதானே? அது கச்சிக்குப் பேசுனதுங்க. ஊட்டுக்கு வந்து என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'சரசு, அம்மிணி எப்பிடியும் வரும். வந்தா எதும் கேட்டுப்போடாதே. மொதல்ல மோரு குடு'ன்னாருங்க. தெனமும் மோரு கலக்கி வெச்சிருந்தனுங்க."

டீச்சர் அக்காவின் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"உங்க ஜீப்பு மைக் சத்தம் தூரத்துல கேக்கும். நம்ம தோப்புகிட்ட வந்ததும் நின்னுபோகும். 'நிறுத்திட்டா, எறங்கி வர்றா'ன்னு துண்ட எடுத்துப் போட்டுக்கிட்டு கேட்டுக்கு ஓடுவாருங்க. அதுக்குள்ள ஜீப்பு போயிருக்கும். ஒருக்கா இல்லீங்க, எல்லாத் தடவையும்."

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். மேடைப் பேச்சு எப்படிப்பட்டது என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? எழுதிக் கொடுப்பவன் நான், பேசுபவர் டீச்சர். ஊரில் எந்த விவசாயியும் அந்தப் பேச்சை நம்பியிருக்க மாட்டான். நாங்கள் நம்பினோம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் இப்படி ஏமாற முடியும்.

இதற்குள் பந்தலில் வேறொரு சலசலப்பு. எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர் இறந்தால் கட்சியின் மூத்த தலைவர்கள் வந்து உடலின் மேல் கட்சிக் கொடி போர்த்துவார்கள், அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். பழைய கட்சியின் ஜில்லாத் தலைவர்கள் எங்கோ பிரசாரக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை. அண்ணனின் மாமன் வகை ஒருவர் வந்து, "இதுக்கு மேல நிறுத்தி வெக்க வேண்டாமுங்க, ராகு காலத்துக்கு முன்னால எடுத்துப்போடலாமுங்க" என்றார்.

சரசக்கா எழுந்து உள்ளே போனார். பீரோவிலிருந்து மடித்து வைத்த ஒரு கொடியைக் கொண்டு வந்தார். பழைய கட்சியின் கொடி, அண்ணன் தனக்கென்றே துவைத்து வைத்திருந்தது. நேராக டீச்சரிடம் வந்து நீட்டினார்.

"நீங்களே போத்துங்க அம்மிணி. அவருக்கு மூத்த தலைவரு ஆரும் கெடையாது. அவரு உண்டாக்குனது நீங்க ஒருத்தருதான்."

பந்தலில் ஃபோன்கள் ஒன்றொன்றாக மேலே எழும்பின. சும்மா யோசித்துப் பாருங்கள். புதிய கட்சியின் வேட்பாளர், ஓட்டுப் பதிவு வாசலில் நிற்கிறது, கையில் பழைய கட்சியின் கொடி. போர்த்தினால் நாளைக்கு அந்தப் படம் வீடு வீடாகப் போகும்: பார், இந்தம்மா மனசு இன்னும் அங்கேதான். புதிய கட்சித் தொண்டன் ஒருவனும் பூத்துக்கு வரமாட்டான். போர்த்தாவிட்டால், புருஷனை இழந்து நிற்கும் ஒரு பெண் நீட்டியதை வாங்காதவர். அதுவும் படமாகும். எந்தப் பக்கம் போனாலும் வெட்டு.

பிளாக் தலைவர் எனக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "சாரே, சொல்லு. வேண்டா என்று சொல்லு. எல்லாம் போகும்." பாவம், மாதக்கணக்கில் ஓடி உழைத்தவர்.

நான் டீச்சர் பக்கத்தில் குனிந்தேன். சொல்லவேண்டியதைச் சொல்வது என் வேலை. "டீச்சர், இதப் போத்துனா இந்தத் தேர்தல் நமக்கு இல்ல. தெரிஞ்சு செய்ங்க."

"தெரியும் தம்பி" என்றார்.

அவ்வளவுதான். நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அவருடைய கைப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன், இரண்டு கையும் அவருக்கு வேண்டுமே. உங்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் தலைவரின் கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். இழுக்காதீர்கள். ஆபத்தை ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு முடிவு அவருடையது. அதைச் சுமப்பதில் பாதி உங்களுடையது.

டீச்சர் கொடியை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. அது இப்போது அவர் கொடி இல்லையே. பிரித்துக்கொண்டே கேட் பக்கம் பார்த்தார்.

"செந்திலு, இங்க வா. இந்தப் பக்கம் நீ பிடி."

செந்தில் அசையவில்லை. "டீச்சர், தலைவருங்க வர்றாங்க..."

"வரட்டும். அவங்களும் இன்னொருக்காப் போத்தட்டும். இது உன்ற கட்சிக் கொடி. உன்ற கை படாம நான் போத்தக் கூடாது. அக்கா சொல்லாம நீயும் போத்தக் கூடாது. வா."

மூணாம் வகுப்பில் கேட்ட அதே குரல் போலிருக்கிறது. அவன் வந்துவிட்டான். டீச்சர் கால்மாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு, தலைமாட்டுப் பக்கத்தை அவனுக்கு விட்டார். இருவரும் சேர்ந்து போர்த்தினார்கள். நெஞ்சுக்கு நேரே சின்னம் வரும்படி செந்தில் இழுத்துச் சரி செய்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிளாக் தலைவர் பந்தலை விட்டு வெளியே போய்விட்டார்.

நான் சொன்னதுதான் நடந்தது. படம் சாயந்திரத்துக்குள் பரவியது. செந்தில் நின்ற பாதியை வெட்டிவிட்டு, டீச்சர் தனியாகக் கொடி பிடிப்பதாகப் போட்டார்கள். பழைய கட்சி, ஓட்டுக்காகப் பிணத்தின் மேல் நாடகம் என்றது. புதிய கட்சி விளக்கம் கேட்டது. தோற்றோம், நன்றாகவே தோற்றோம். டீச்சருக்கு அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் சீட்டுத் தரவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூட மனுக்களோடு ஆபீஸ் ஆபீஸாக வெறும் ஆளாகத்தான் நடந்தார், நானும் கூடவே நடந்தேன். இப்போதும் சிலர் என்னிடம், அன்றைக்கு நீ தடுத்திருக்கலாமே என்கிறார்கள். அவர்கள் பார்த்தது படத்தை மட்டும்தான்.

போர்த்தி முடித்த பிறகு டீச்சர் செய்ததை யாரும் படம் எடுக்கவில்லை. ஃபோன்களை இறக்கிவிட்டு எல்லோரும் பாடை கட்டும் பக்கம் திரும்பியிருந்தார்கள். நான் பையோடு ஓரடி தள்ளி நின்றேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, சும்மா எழுந்து வந்துவிட வேண்டும். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். டீச்சர் குனிந்து, அண்ணன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, வீட்டில் பேசும் குரலில் சொன்னார்:

"அண்ணா, நான் அந்தக் கச்சிக்குப் போறனுங்க. உங்ககிட்டச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன். போயிட்டு வர்றனுங்கண்ணா."

பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி, "ஐயோ, என்ன பேச்சு இது!" என்று பதறினாள். சரசக்கா அவளைக் கையமர்த்தினார். புருஷனின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு டீச்சரைப் பார்த்து, "போயிட்டு வாங்க அம்மிணி" என்றார்.